கோடை இடிமழை வாரம்: உங்கள் மாவட்டத்துக்கு வாரக் கணிப்பு எழுதுவது எப்படி?

ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே முடியும்வரை வட தமிழக உள்மாவட்டங்களில் ஒரு வாரம் போல இன்னொரு வாரம் இருக்காது. பகலில் 40 டிகிரி, சாயங்காலம் சூறைக்காற்று, ஒரு ஊரில் கொட்டும் மழை, பக்கத்து ஊரில் புழுக்கம் மட்டும். இந்த வாரங்களுக்கு உழவர் குழுவுக்கோ, ஊர்த் திருவிழாக் குழுவுக்கோ, குடியிருப்போர் சங்கத்துக்கோ கணிப்பு எழுதித் தருகிறவர்களுக்காக இது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். செயலியைத் திறந்ததும் மழைப் படத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கோடையில் மழை கடைசியாகப் பார்க்க வேண்டியது. கடல், காற்று, ஈரம், மேகத்தை எழவிடாமல் அமுக்கும் காற்று ‘மூடி’, மேகம் நகரும் திசை என்று வரிசையாகப் போனால்தான் அந்த மழைப் படத்தில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்று தெரியும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களை வைத்து எழுதியிருக்கிறேன். முறை மற்ற மாவட்டங்களுக்கும் பொருந்தும், எண்களும் மலைகளும் மாறும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய செய்திக்குறிப்பு. வானிலைப் படங்கள் காட்டும் விண்டி போன்ற ஒரு இணையதளம். வானிலையைக் கணினியில் கணித்துத் தரும் ஐரோப்பிய மாதிரி, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி இரண்டையும் அதில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மீனம்பாக்கத்தில் பறக்கவிடும் வானிலை பலூனின் காலை 5.30 மணி அளவீடு. இன்சாட் செயற்கைக்கோள் படம், சென்னை ரேடார் படம். அப்புறம் ஒரு நோட்டு.

நேரமும் முக்கியம். காலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடும் மாதிரிகள் நண்பகலை ஒட்டித்தான் முழுதாக வந்து சேரும். காலை எட்டு மணிக்கே உட்கார்ந்தால் முந்தைய இரவின் கணிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்குவது வசதி.

2. செய்திக்குறிப்பின் அளவுகோலைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘ஓரிரு இடங்களில் மழை’ என்று படித்துவிட்டு, தன் ஊரில் பெய்யவில்லை என்றதும் ‘அறிக்கை பொய்’ என்பார்கள். அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கில் மழை பதிவாகும் என்பதுதான் அதன் பொருள். நிலையங்களில் பாதிவரை என்றால் ‘ஒரு சில இடங்கள்’. அதற்கும் மேல், முக்கால்வாசிவரை போனால் ‘பல இடங்கள்’. ‘பெரும்பாலான இடங்கள்’ என்ற சொல் வடகிழக்குப் பருவமழையில் வரும், கோடையில் அபூர்வம்.

அளவும் அப்படித்தான். ஒரு நாளில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 மி.மீ. தொட்டால் மிக கனமழை, 204.5 மி.மீ. தொட்டால் அதி கனமழை. மாதிரிகள் மி.மீ.யில் காட்டும், செய்திக்குறிப்பு செ.மீ.யில் சொல்லும். இரண்டையும் குழப்பி ‘7 மி.மீ. கனமழை’ என்று எழுதியவர்கள் உண்டு.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் மழையின் அளவை மட்டும் சொல்வதில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். ஆய்வு மையம் கொடுத்த எச்சரிக்கையை நீங்கள் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்கள் கணிப்பின் முதல் வரியில் அப்படியே போடுங்கள்.

3. முதலில் வங்கக்கடல்

ஏழு நாளுக்கும் கடலில் தாழ்வுப் பகுதியோ சுழற்சியோ உருவாகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். இருந்தால் மற்ற எல்லாக் கணக்கும் மாறும். அதனால்தான் இது முதல் படி.

கடலில் சுழற்சி என்றாலே நமக்கு மழை என்று நினைப்பது புதியவர்களின் வழக்கமான பிழை. மே மாதச் சுழற்சிகள் பல வடக்கே ஒடிசா, வங்கம், மியான்மர் பக்கம் ஏறிவிடும். அப்போது இங்கே நிலத்தின் மேலாக வறண்ட மேற்குக் காற்று இழுபடும், கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், வெயில் கொளுத்தும். 2019 ஏப்ரல் இறுதியில் ஃபானி புயல் வட தமிழகக் கடற்கரைப் பக்கம் வரக்கூடும் என்ற பேச்சு முதலில் இருந்தது. அது வளைந்து போய் மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. ஐந்து நாளுக்கு அப்பால் இருக்கும் சுழற்சியைப் பற்றி ‘கவனித்து வருகிறோம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள்.

4. தரையிலிருந்து ஒன்றரை கி.மீ. உயரக் காற்று

விண்டியில் உயரத்தை 850 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அலகு) மாற்றுங்கள். அது ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரம். பிற்பகல் 2.30 மணி நிலவரத்தை ஏழு நாளுக்கும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோடை மழைக்கு வேண்டியது இரண்டு காற்றுகள் சந்திக்கும் கோடு. வங்கக்கடலிலிருந்து வரும் ஈரமான கிழக்கு அல்லது தென்கிழக்குக் காற்று ஒரு பக்கம். மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் நிலத்தைக் கடந்து வரும் வறண்ட காற்று மறுபக்கம். மகாராஷ்டிரத்தின் விதர்பா, மராத்வாடா பக்கத்திலிருந்து கர்நாடக உள்பகுதி வழியாகத் தமிழக உள்மாவட்டங்கள்வரை நீளும் காற்றுச் சந்திப்பு, ஏப்ரல், மே மாதச் செய்திக்குறிப்புகளில் அடிக்கடி வரும். அந்தக் கோடு எங்கே கிடக்கிறது என்பதே வாரத்தின் முக்கால்வாசிக் கதை.

கோடு கர்நாடகத்துக்குள் தள்ளிக் கிடந்தால் மழை கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம். நம் மாவட்டங்களின் மேல் வந்து நின்றால் ஜவ்வாது மலையும் ஏலகிரியும் தினமும் மேகம் கட்டும். கடற்கரையை ஒட்டித் தள்ளப்பட்டால் உள்மாவட்டம் முழுக்க வறண்ட பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்; வேலூர், திருத்தணி வெப்பமானிகள் 40-ஐத் தாண்டி ஏறும்.

காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசைதான் அதன் பெயர். படத்தில் அம்பு கிழக்கைப் பார்த்து ஓடினால் அது மேற்குக் காற்று. இதைத் தலைகீழாகப் படித்தவரின் கணிப்பில் ஏழு நாளும் தலைகீழாகத்தான் இருக்கும். முதல் சில வாரம் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் அம்பு வரைந்து, வாலின் பக்கம் திசையை எழுதிவையுங்கள்.

5. ஈரத்தைப் பனிநிலையில் அளங்கள்

காலையில் ‘ஈரப்பதம் 85 சதவீதம், மழை நிச்சயம்’ என்று எழுதுவார்கள். ஒப்பு ஈரப்பதம் வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும் எண். விடியற்காலை குளிரில் அது தானாக ஏறும், பகல் வெயிலில் தானாக இறங்கும். காற்றில் உள்ள நீராவி மாறியிருக்கவே மாறியிருக்காது.

பனிநிலை, அதாவது டியூ பாயின்ட், காற்று எந்த வெப்பநிலைவரை குளிர்ந்தால் அதன் நீராவி பனித்துளியாகத் தொடங்கும் என்று சொல்லும் எண். அது அப்படி ஏமாற்றாது. நான் கையில் வைத்திருக்கும் கணக்கு இது. உள்மாவட்டத்தில் பிற்பகல் 2 மணிக்குப் பனிநிலை 22 டிகிரிக்கு மேல் இருந்தால் மழை மேகத்துக்குப் போதுமான சரக்கு இருக்கிறது. 18-க்குக் கீழே போனால் மேகம் கட்டினாலும் அடித்தளம் உயரத்தில் நிற்கும். நடுவில் இருப்பதுதான் தொல்லை பிடித்தது. மேகத்திலிருந்து விழும் மழை கீழே உள்ள வறண்ட காற்றிலேயே ஆவியாகும், அந்தக் காற்று குளிர்ந்து கனத்துத் தரையில் வந்து மோதும். மழை நாலு சொட்டு, காற்று ஓட்டுக் கூரையைப் பிரித்துவிடும். குடியாத்தம் பக்கம் வாழை வைத்திருப்பவருக்கு மழையின் அளவைவிட இந்தக் காற்றைப் பற்றிய வரிதான் தேவை. முட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

புழுக்கத்தையும் இங்கேயே கணக்கிட்டுவிடுங்கள். வெப்பமானி 41 காட்டி, பனிநிலை 16 என்றால் உடம்புக்கும் ஏறக்குறைய 41 போலத்தான் தெரியும். வெப்பமானி 36 மட்டும் காட்டி, பனிநிலை 26 என்றால் உடம்புக்கு 45-ஐ ஒட்டித் தெரியும். கட்டட வேலை, சூளை வேலை செய்கிறவர்களுக்கு இரண்டாவது நாள்தான் மோசம், வியர்வை காயாது. ‘வெப்பம் குறையும்’ என்று ஒற்றை வரியில் முடித்தால் அவர்களுக்குத் தவறான செய்தி போகும்.

6. மூடி இருக்கிறதா?

கேப் என்பது மேகம் மேலெழும்பக் கிடைக்கும் ஆற்றலின் அளவு, கிலோவுக்கு இத்தனை ஜூல் என்று வரும். கொஞ்சம் படித்தவர்கள் மயங்கும் எண் இது. மே மாதக் கடலோரத்தில் 2,000, 3,000 என்று சர்வசாதாரணமாகக் காட்டும். ஆனால் வானம் வெறிச்சென்று இருக்கும்.

காரணம் மூடி. ஒன்று, ஒன்றரை கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று ஒரு படலமாக உட்கார்ந்துகொண்டால், கீழே எவ்வளவு ஆற்றல் இருந்தாலும் பானை மூடியைப் போல அமுக்கி வைக்கும். மீனம்பாக்கம் பலூன் அளவீட்டில் உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையாமல், ஒரு இடத்தில் நின்றோ ஏறியோ போகிறதா என்று பாருங்கள். அதுதான் மூடி. அதே அளவீட்டில், மூடி எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் சின் என்றொரு எண் இருக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் மூடி மெல்லிசு, எதிர்மறையில் 100-ஐத் தாண்டினால் கனம்.

மூடியை உடைக்க மூன்று வழி உண்டு. பகல் வெயில் தரையைப் போதுமான அளவு சூடாக்க வேண்டும். அல்லது மலைச்சரிவு காற்றை மேலே தள்ள வேண்டும். அல்லது கடற்காற்றின் முகப்பு வந்து கீழே புகுந்து நெம்ப வேண்டும். கடற்காற்று சென்னையில் நண்பகலை ஒட்டி நுழைந்தால் சாயங்காலத்தில் காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் வந்துவிடும். அது வரும் நேரத்தில் அங்கே மேகம் கட்டுவதைச் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாம்.

காலை பத்து மணிவரை மேகமூட்டமாக இருந்தால் வெயில் வழி அடைபடும், அன்றைய வாய்ப்பைக் குறையுங்கள். முந்தின இரவு நல்ல மழை பெய்து, காலையில் வானம் சீக்கிரம் வெளுத்துவிட்டால் நேர்மாறு: நனைந்த மண் ஈரத்தைக் கொடுக்கும், வெயில் ஆற்றலைக் கொடுக்கும்.

7. மேகம் எந்தப் பக்கம் நகரும்?

700, 500 ஹெக்டோபாஸ்கல் காற்றைப் பாருங்கள். அதாவது மூன்று கி.மீ., ஆறு கி.மீ. உயரத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டும் மேற்கிலிருந்து வந்தால் ஜவ்வாது மலையிலும் சித்தூர் எல்லையிலும் கட்டும் மேகம் கிழக்கே இறங்கி ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாக இரவில் சென்னைவரை போகலாம். கிழக்கிலிருந்து வந்தால் திருப்பத்தூர், கிருஷ்ணகிரிக்குத்தான் லாபம்.

காற்று மிக மெதுவாக, மணிக்கு 10 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால் கவனம். மேகம் கட்டிய இடத்திலேயே நின்று கொட்டும். கோடையில் கனமழை பதிவாகும் நாட்களில் பல இப்படித்தான்.

8. இப்போது மழைப் படத்தைத் திறக்கலாம்

ஐரோப்பிய மாதிரி ஏறக்குறைய 9 கி.மீ. கட்டங்களிலும், ஜிஎஃப்எஸ் 13 கி.மீ. கட்டங்களிலும் கணக்கிடுகின்றன. ஒரு இடிமேகத்தின் மழைத்தூண் பல சமயம் ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் மாவட்டம் முழுக்க 5 மி.மீ. என்று தடவிக் காட்டும். உண்மையில் ஆலங்காயத்தில் 60 மி.மீ. கொட்டும், வாணியம்பாடியில் தூசி அடங்காது. படத்தில் உள்ள எண்ணை எடுத்து ஊர் பெயருக்கு நேரே எழுதுவதைப் போன்ற தவறு வேறில்லை.

அந்தப் படத்திலிருந்து எடுக்க வேண்டியது மூன்றுதான்: எந்த நாட்கள், எந்தப் பகுதி, எந்த நேரத்தில் தொடங்குகிறது. இரண்டு மாதிரிகளும், அவற்றின் முந்தைய ஓட்டங்களும் ஒரே நாளைக் காட்டினால் அந்த நாளின் மேல் கை வைக்கலாம். ஒன்று மட்டும் பெரிதாகக் காட்டி, நாலாவது படியில் குறித்த காற்றுக் கோடு வேறெங்கோ இருந்தால் கோட்டை நம்புங்கள்.

9. எழுதும் முறை

முதல் இரண்டு நாளுக்கு ஊர்களின் பெயரும் நேரமும் சொல்லலாம். மூன்றாம் நான்காம் நாளுக்கு மாவட்டத்தின் மேற்கு, கிழக்கு என்ற அளவில் நிறுத்துங்கள். ஐந்து முதல் ஏழுவரை மழை கூடுமா குறையுமா என்ற போக்கு மட்டும். வாசகர்கள் ஏழாம் நாள் கல்யாணத்துக்கு நேரம் கேட்பார்கள். தெரிந்தது போலச் சொல்லிவிடாதீர்கள்.

மாதிரிக்கு ஒரு வாரம்:

‘திங்கள், செவ்வாய்: பிற்பகல் 3 மணிக்கு மேல் ஜவ்வாது மலை, ஏலகிரி, ஆலங்காயம், ஆம்பூர் பக்கம் இடிமழைக்கு நல்ல வாய்ப்பு. வேலூர், காட்பாடி, ஆற்காட்டில் இரவு 9 மணிக்குள் ஓரிரு இடங்களில் வரலாம். மழைக்கு முன் பலத்த காற்று வீசும். வாழைக்கு முட்டுக் கொடுத்துவிடுங்கள், நெல்லைக் களத்தில் 3 மணிக்கு மேல் விரித்து வைக்க வேண்டாம். புதன், வியாழன்: மழை மேற்கே நகரும், கிழக்குப் பகுதியில் புழுக்கம் கூடும். வெள்ளி முதல்: மேற்குக் காற்று வலுப்பெறலாம், மழை குறைந்து வெயில் ஏறும் போக்கு.’

கவனித்தால், இதில் மி.மீ. எங்கேயும் இல்லை. மழையால் யாருக்கு என்ன ஆகும் என்பது இருக்கிறது. ‘வெளுத்து வாங்கும்’, ‘வரலாறு காணாத’ போன்ற சொற்களுக்கு இடமே இல்லை. அடுத்த முறை நிஜமாகவே பெரிதாக வரும்போது சொல்ல வார்த்தை இருக்காது.

10. அன்றைய நாளில்

வாரக் கணிப்பை எழுதியதோடு வேலை முடிவதில்லை. காலை 11 மணிக்குச் செயற்கைக்கோளின் ஒளிப்படத்தில் சிறு மேகங்கள் வரிசை கட்டுகின்றனவா என்று பாருங்கள். பிற்பகல் 2 மணியிலிருந்து ரேடார். ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்குத் தரும் மாவட்ட எச்சரிக்கை வந்துவிட்டால், உங்கள் வாரக் கணிப்பை ஒதுக்கிவைத்து அதைப் பகிருங்கள்.

ரேடார் படத்தில் எதிரொலியின் வலு 45 டிபிஇசட்டுக்கு (அதை அளக்கும் அலகு) மேல் இருந்தால் வலுவான மழை. 55-ஐத் தாண்டினால் ஆலங்கட்டியும் இருக்கலாம். ஒரே படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், வரிசையாக மூன்று படம் பார்த்தால் நகரும் திசையும் வளர்கிறதா தேய்கிறதா என்பதும் தெரியும்.

தூரத்தையும் மறக்காதீர்கள். பூமி வளைந்திருப்பதால், மிகத் தாழ்வாக அனுப்பும் ரேடார் கற்றைகூட சென்னையிலிருந்து வேலூருக்கு வரும்போது ஏறக்குறைய 2 கி.மீ. உயரத்தில் இருக்கும். கிருஷ்ணகிரிக்குப் போகும்போது 5 கி.மீ. ஆகிவிடும். அங்கே மேகத்தின் தலைதான் தெரியும், காலடியில் பெய்வது தெரியாது. சென்னை ரேடாரில் ஒன்றும் இல்லை என்பதற்காக ஓசூரில் மழை இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

மின்னலுக்கு, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி போதும். செயலி இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்: மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கி.மீ. தூரத்தில் என்ற கணக்கு. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வயலை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே திரும்பலாம். தனி மரத்தடியும் தகரக் கொட்டகையும் ஒதுங்கும் இடங்கள் அல்ல.

11. மறுநாள் சரிபார்ப்பு

வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. 5-ஆம் தேதி சாயங்காலம் பெய்த மழை 6-ஆம் தேதிப் பட்டியலில்தான் வரும். இது தெரியாமல் 5-ஆம் தேதிப் பட்டியலைப் பார்த்து ‘என் கணிப்பு தப்பு’ என்று மனம் தளர்ந்தவர்களும் இருக்கிறார்கள், சரி என்று மார்தட்டியவர்களும் இருக்கிறார்கள்.

நோட்டில் நாளுக்கு ஒரு வரி: 850 காற்றின் திசை, 2 மணி பனிநிலை, மூடி இருந்ததா, மேகம் நகர்ந்த திசை, எங்கே பெய்தது. மழைமானி இல்லாத ஊர்களுக்கு, குழுவில் உள்ளவர்களிடம் போன் போட்டுக் கேளுங்கள். ‘நல்ல மழை’ என்று பதில் வந்தால், எத்தனை மணிக்குத் தொடங்கியது, காற்று முதலில் வந்ததா மழை முதலில் வந்ததா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். முற்றத்தில் நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, தேங்கிய நீரை அளவுகோலால் அளந்து சொல்லவும் பழக்கலாம். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்க வேண்டாம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.